ஆட்டம் நிற்கும் வரை

காலுக்கடியில் தரை இடித்தது. மறுபடியும் இடித்தது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் துடைப்பக் கட்டையால் கூரையைக் குத்துகிறார்கள். அவன் குதிப்பதை நிறுத்தவில்லை. கயிற்றின் வேகத்தை மட்டும் குறைத்தான். மெதுவாகக் குதித்தால் ஒவ்வொரு தடவையும் கனம் அதிகமாக விழும். பளுவைத் தூக்கி இறக்குவதே பிழைப்பாக உள்ளவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

மாடிக் கதவு திறந்தது. மேல்வீட்டு அக்கா தலையில் துண்டும் கையில் கட்டையுமாக நின்றாள். அவனுடைய வீடு அவளுக்கும் கீழே.

"என் தலைக்கு மேல என்ன தம்பி பண்றே?"

"ஸ்கிப்பிங், அக்கா."

"இதைப் பகல்ல பண்ணக்கூடாதா?"

"பகல்ல நான் மேல இருப்பேனே."

"இப்பவும் மேலதானே இருக்கே? எந்நேரமும் யார் தலைக்காவது மேல நின்னாத்தான் உனக்குச் சாப்பிட்டது செரிக்குமா?"

அவன் கயிற்றைச் சுருட்டினான். துணி காயப்போடும் கொடியில் வெட்டி எடுத்த கயிறு. ஒரு முனையில் இன்னும் ஒரு கிளிப் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் டவர் கிரேன் ஓட்டுகிறவன். காலையில் இரும்பு ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவான். சாப்பாட்டு டப்பாவும் தண்ணீரும் அவனோடு மேலே போகும். சைட்டில் அவனை எல்லோரும் ஆகாசம் என்றுதான் கூப்பிடுவார்கள். "ஆகாசம் சாப்பிட்டாச்சா?" என்று வாக்கி டாக்கியில் கேட்பார்கள். மழை வந்தால், "ஆகாசம், குழாயை மூடு" என்பார்கள். மேலேயிருந்து பார்த்தால் மனிதர்களுக்கு முகம் கிடையாது. மஞ்சள் தொப்பியும் அதன் நிழலும்தான். அவனுக்கு அது பழகிவிட்டது. கீழே இறங்கி நடக்கும்போதுதான், எதிரே வருகிறவர்களுக்கு இத்தனை பெரிய முகம் எதற்கு என்று தோன்றும்.

பனிக்காலத்துக் காலை நேரங்களில் ஊரே இருக்காது. வெள்ளையாக ஒரு பரப்பு மட்டும் இருக்கும். அதற்கு மேலே அவனுடைய கேபினும், வெகு தொலைவில் இன்னொரு கிரேனின் நுனியும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கிரேனில் இருப்பவன் தன் விளக்கை இரண்டு தரம் போட்டு அணைப்பான். இவனும் போட்டு அணைப்பான். அவன் யார், எந்த வயசு, என்ன ஊர், எதுவும் தெரியாது. ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே வெள்ளைத் தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் மாதிரி.

இந்தத் தெருவை விட்டு அவனை இறக்கிவிடப் பார்க்கிறார்கள். போன தடவை கம்பெனி டாக்டர் கையில் பட்டையைக் கட்டி அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னொரு கையிலும் கட்டினார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"அழுத்தம் கோட்டுக்கு மேல இருக்கு. அடுத்த மாசம் திரும்பப் பாப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா ஏணியில கால் வைக்க விடமாட்டேன். ஸ்டோர்ல உக்காந்து ஆணி எடுத்துக் குடுக்க வேண்டியதுதான். உப்பைக் குறை. உடம்பை அசை. நல்லாத் தூங்கு."

ஸ்டோர் என்பது ஜன்னல் இல்லாத ஒரு தகரக் கொட்டகை. டாக்டர் சொன்ன மூன்றில் நடுவில் இருந்ததை அவன் பிடித்துக்கொண்டான். முதலாவதை மனைவி பார்த்துக்கொண்டாள். மூன்றாவது தானாக வரும் என்று இருவருமே நினைத்தார்கள்.

உடம்பை அசைக்க அவனுக்கு ராத்திரியைத் தவிர வேறு பொழுது இல்லை. மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். கடை ஷட்டரை இழுத்துவிட்டு அவள் வீடு வரும்போது தெருவில் பாதி விளக்கு அணைந்திருக்கும். அதுவரை பாப்பாவுக்கு அவன்தான். சாயங்காலம் குழந்தைகள் காப்பகத்தில் போய்க் கூட்டி வருவான், ஊட்டுவான், தூங்கவைப்பான். கதவின் மேல் தாழ்ப்பாளையும் போட்டு வைப்பான். கீழ்த் தாழ்ப்பாள் பாப்பாவுக்கு எட்டும். அப்பா எங்கே என்று கேட்டால் மேல என்றே கேட்டுப் பழகிய குழந்தை. ஒருநாள் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்துகொண்டு மொட்டை மாடி வரை ஏறிப்போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

மனைவி வந்து தட்டுவாள். அவன் ஷூ போட்ட காலோடு தாழ்ப்பாளை எடுப்பான். அவள் பை உள்ளே வரும், அவன் வெளியே போவான். வாசற்படியில்தான் அவர்களுடைய குடும்பப் பேச்சு.

"பாப்பா சாப்பிட்டாளா?"

"பாதி."

"நீங்க?"

"வந்து."

மேல்வீட்டு அக்கா கட்டையோடு வந்த நாளிலிருந்து மாடியை விட்டுவிட்டு, கடைத்தெருவைச் சுற்றி ஓட ஆரம்பித்தான். எல்லா ஷட்டரும் இறங்கிக் கிடந்தன. துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தலையில்லாத பொம்மைகள் சட்டை போட்டுக்கொண்டு நின்றன. ஒவ்வொரு சுற்றிலும் அவை அவனைப் பார்த்தன. நாய் ஒன்று முதல்நாள் குரைத்தது, இரண்டாம் நாள் கூடவே ஓடியது, மூன்றாம் நாள் படுத்தபடியே வாலை மட்டும் ஆட்டியது. ஓடி முடிக்கையில் ஊர் முழுக்க அவனுக்குள் ஓடிக்கொண்டிருப்பது போல இருக்கும். வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சாப்பிட்டு, உடனே படுப்பான்.

படுத்ததும் எல்லாம் துல்லியமாகிவிடும். தலையணையில் வைத்த காதில் இதயம் இடிக்கும். உள்ளங்கால் சுடும். ஜன்னல் திரையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். தூக்கம் எங்கோ ஒரு தெரு தள்ளி நடந்துபோகிறவரைப் போல இருக்கும். கூப்பிட்டால் திரும்பாது. பக்கத்தில் பாப்பா கையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, யாரோ மேலிருந்து மெதுவாக இறக்கி வைத்துவிட்டுப் போனது மாதிரிக் கிடக்கும்.

"உங்க நெஞ்சு அடிக்கிறது எனக்குக் கட்டில் வழியாக் கேக்குது" என்றாள் மனைவி இருட்டில்.

"நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்த மாதிரித் தெரியலையே. இந்நேரத்துல ஓடிட்டு வந்தா எப்படிங்க தூக்கம் வரும்? கடையில தூக்க மாத்திரை கேட்டு வர்றவங்க மூஞ்சி எல்லாம் இப்ப உங்க மூஞ்சி மாதிரிதான் இருக்கு."

"அப்ப ஒண்ணு கொண்டு வாயேன்."

"டாக்டர் சீட்டு இல்லாம எங்க அப்பாவுக்கே குடுக்கமாட்டேன். அதைப் போட்டுட்டு மறுநாள் அவ்வளவு உசரம் ஏறுவீங்களா? என்னை வெள்ளைப் புடவையில பாக்கணும்னு ஆசையா?"

அவனிடம் வேறு ஒரு கணக்கு இருந்தது. காற்றடிக்கும் நாளில் கிரேனின் வெறும் கொக்கி நிலையாக நிற்காது. சின்னக் காற்றுக்கும் கம்பி வடத்தோடு சேர்ந்து ஆடும். அதே கொக்கியில் பளுவை மாட்டினால் வடம் விறைத்துக்கொண்டு நேராக நின்றுவிடும். தன் உடம்பும் அப்படித்தான் என்று நினைத்தான். ஆடுகிறது என்றால் பளு போதவில்லை. இன்னும் ஏற்ற வேண்டும்.

மறுநாள் கடைத்தெருவை இன்னும் சில சுற்று கூட்டி ஓடினான். அன்றைக்கு இன்னும் லேட்டாகத் தூங்கினான். அதற்கு மறுநாள் அதைவிடக் கூட்டினான். ஜன்னல் வெளுப்பதைப் பார்த்தான். டாக்டர் வரும் நாள் நெருங்க நெருங்க அவன் சுற்று கூடியது. உடம்பு இளைத்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டான். கண்ணுக்குக் கீழே மட்டும் கனத்தது.

"ஆளு சினிமா ஹீரோ மாதிரி ஆயிட்டாரு" என்றாள் மேல்வீட்டு அக்கா, படியில் பார்த்தபோது. "செத்துப்போற காட்சி."

டாக்டர் வருவதற்கு முந்தின நாள். காற்று இல்லை. வெயில் மெத்தென்று இருந்தது. கேபினில் கண்ணாடி வழியாக வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. கீழே கைகாட்டி வேலை பார்ப்பவர் மனைவியின் அண்ணன். எந்தப் பளு எங்கே போக வேண்டும் என்று வாக்கி டாக்கியில் சொல்வது அவர் வேலை. மேலே ஏறச் சொன்னால் அவருக்கு முட்டி நடுங்கும். வீட்டிலும் சைட்டிலும் அவர் மச்சான்தான்.

"மாப்ளே, கம்பிக் கட்டு. தூக்கு."

தூக்கினான்.

"வலப்பக்கம் வா. வா... வா..."

கிரேனின் கை சுற்றியது. ஊர் மெதுவாக நகர்ந்தது. கூரைகள், தொட்டிகள், ஒரு மைதானம், வெயிலில் காயும் போர்வைகள். வா, வா என்று மச்சான் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குரல் மெல்ல மெல்ல மெலிந்து பாப்பாவின் குரலாயிற்று. மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து வா, வா என்கிறாள். அவன் அவளுக்கு மேலே ஸ்கிப்பிங் ஆடுகிறான். கயிறு கம்பி வடமாக இருக்கிறது, ஆனால் கனமே இல்லை. ஒவ்வொரு குதிப்பிலும் இன்னும் கொஞ்சம் மேலே போகிறான். பாப்பா சின்னதாகிக்கொண்டே போகிறாள். மஞ்சள் தொப்பி அளவு. பிறகு அதன் நிழல் அளவு.

"மாப்ளே! மாப்ளே! டேய்!"

கண்ணைத் திறந்தான். கை லீவரிலிருந்து நழுவிக் கிடந்தது. கையை எடுத்தால் கிரேன் தானாக நின்றுவிடும். நின்றிருந்தது. ஆனால் பளு நிற்கவில்லை. கம்பிக் கட்டு பெரிய ஊஞ்சல் போலப் போய் வந்துகொண்டிருந்தது. அதன் வழியில், பாதி எழும்பிய தளத்தில், பலகை அடிக்கிற ஆட்கள் குப்புறப் படுத்திருந்தார்கள். மஞ்சள் தொப்பிகள் தரையோடு தரையாக ஒட்டியிருந்தன.

அதற்கப்புறம் கை தானே வேலை செய்தது. ஆடுகிற பளுவை எதிர்த்து இழுக்கக் கூடாது. அது போகிற பக்கமே கிரேனின் கையையும் கொண்டுபோக வேண்டும், அது திரும்புகிற இடத்தில் அதற்கு நேர் மேலே நிற்க வேண்டும். போனான். நின்றான். ஆட்டம் பாதியாயிற்று. மறுபடி போனான். பளு பெருமூச்சு விடுகிறது மாதிரிச் சுழன்று, சுருங்கி, நின்றது. படுத்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்களைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

"என்ன ஆச்சு?" வாக்கி டாக்கியில் இன்ஜினியரின் குரல்.

"காத்து சார்" என்றார் மச்சான். "திடீர்க் காத்து."

ஒரு கொடித் துணிகூட அசையவில்லை.

அவன் இறங்கினான். ஏணியின் கடைசிப் படியில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். வெற்றிலை போடாதவர், அன்றைக்கு எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"தூங்கினியா?"

"ஆமா மச்சான்."

"என் தங்கச்சியை உன் கையில குடுத்தேன். சரி, அது ஒரு நேரம். தினம் காலைல என் தலையையும் உன் கையிலதான் குடுத்துட்டு நிக்கிறேன். எத்தனை நாளா இப்படி?"

"ராத்திரி ஓடிட்டுத்தான் மச்சான் வர்றேன். இன்னும் தூக்கம் பிடிபடல. இன்னிக்குக் கொஞ்சம் கூட ஓடினா..."

"கூட ஓடுவியா? ஓடு. அப்படியே ஊரைத் தாண்டிப் போயிரு. நாளைக்கு டாக்டர் வர்றாரு. இன்னிக்கு நீ மேல ஏறினா நானே இன்ஜினியர்கிட்டப் போவேன். தங்கச்சி புருஷன்னு பாக்கமாட்டேன்."

"நீங்க போக வேண்டாம் மச்சான்."

அவனே போனான். காத்து இல்லை சார், தூங்கிட்டேன் என்றான். இன்ஜினியர் சின்ன வயசுக்காரர். கோபப்படத் தயாராகி, அவன் முகத்தைப் பார்த்து, பேனாவை மூடினார். "நாளைக்கு டாக்டர்கிட்டயும் இதையே சொல்லுங்க. இப்ப வீட்டுக்குப் போங்க." மாற்று ஆள் ஏணியில் ஏறினான்.

அவன் வீட்டுக்குப் போகவில்லை. சிமெண்ட் மூட்டை அடுக்கின்மேல் உட்கார்ந்தான். தன்னுடைய கிரேனை வேலை நேரத்தில் கீழேயிருந்து அவன் பார்த்ததே இல்லை. அது வானத்தில் கோடு போட்டுப் பார்ப்பது போல இருந்தது. மாற்று ஆள் ஒரு பலகைக் கட்டைக் கொண்டுவந்தான். கட்டு தரைக்கு ஓர் ஆள் உயரம் வரை வந்து, இறங்காமல் தொங்கியது. கீழே இருந்தவர்கள் யாரும் அதைத் தொடவில்லை. ஒருவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டான். ஒருவன் காதைக் குடைந்தான். மச்சான் கையை நீட்டி, விரல்களை விரித்து, அசையாமல் நின்றார். கட்டு இப்படிப் போனது, அப்படிப் போனது, குறைந்தது. பிறகுதான் மச்சான் விரல்களை மடக்கினார்.

இத்தனை வருஷமாக மேலேயிருந்து ஆட்டத்தை நிறுத்தியவன், கீழே இத்தனை பேர் அதற்காகக் காத்திருந்ததைப் பார்த்ததில்லை. கடைத்தெருவிலிருந்து ஓடி வந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, தன்னைத் தொப்பென்று கட்டிலில் போடுவதை நினைத்தான். ஆடிக்கொண்டிருக்கும்போதே. மேலும் மேலும் பளுவைக் கூட்டி.

எழுந்து பாப்பாவைக் கூட்டிவரப் போனான். வெயில் இன்னும் இருந்தது. அப்பா பகலில் கீழே இருப்பதைப் பார்த்து பாப்பா முதலில் சந்தேகப்பட்டாள்.

"மேல யாரு இருக்கா?"

"வேற மாமா."

"அவருக்கு பாப்பா இருக்கா?"

"தெரியலையே."

வாய்க்கால் ஓரமாக நீண்ட வழியில் நடந்தார்கள். அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டான். அவள் அவன் இரண்டு காதையும் லீவர் மாதிரிப் பிடித்துக்கொண்டு, வலப்பக்கம், இடப்பக்கம் என்றாள். சொன்ன பக்கமெல்லாம் போனான். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. முதுகு வேர்த்தது. ஓடவில்லை. தண்ணீரில் வானம் மஞ்சளாகி, சிவந்து, சாம்பலாயிற்று. வீடு வந்து சேர்ந்தபோது வேர்வை காய்ந்து சட்டை குளிர்ந்திருந்தது.

ஊட்டினான். பாத்திரம் கழுவினான். மேல் தாழ்ப்பாளைப் போட்டான். ஷூவை எடுத்துக் கதவருகே வைத்தான். நாளைக்கு டாக்டர். கடைசி ராத்திரி. அவள் வந்ததும் கொஞ்சமாவது ஓடினால் என்ன என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. அதுவரை பாப்பாவின் பக்கத்தில் படுத்தான். அவள் கதை சொன்னாள். ஒரு யானை ஏணியில் ஏறிற்றாம், மேலே போனதும் அதற்கு...

கதை அங்கேயே நின்றது. யானைக்கு என்ன ஆயிற்று என்று காத்திருந்தான். காதில் இதயம் இருந்தது, ஆனால் வேறு யாருடைய வீட்டிலோ இடிப்பது போலத் தூரமாக. ஜன்னல் திரை மடிப்புகள் ஒன்றோடொன்று கலந்தன. பனி வந்தது. முதலில் தெருவை, பிறகு கூரைகளை, பிறகு யானையை மூடிற்று. யாரோ விரல்களை விரித்து நின்றார்கள். பிறகு மடக்கினார்கள்.

கதவை மனைவி தட்டினாள். கைவலிக்கத் தட்டினாள். போன் அடித்தாள். உள்ளே போன் பாடுவது அவளுக்கு வெளியே கேட்டது. பயந்துபோய் மாடிப்படி ஜன்னல் வழியாக எக்கிப் பார்த்தாள். கட்டிலில் இரண்டு பேர், இரண்டு பேருமே கையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு. அவன் மார்பு ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேலே போனாள்.

"தட்டி எழுப்பித் தரேன் இரு" என்று மேல்வீட்டு அக்கா துடைப்பக் கட்டையை எடுத்துத் தன் வீட்டுத் தரையைக் குத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி குத்தினாள். பதில் கடன் தீர்க்க இத்தனை நாள் காத்திருந்தவள். "ச்சே" என்று கட்டையை மூலையில் போட்டாள். "உன் புருஷன் என் தூக்கத்தையும் சேத்துத் தூங்கறான். வா, சோபாவுல படு."

மறுநாள் விடியும்போது அவன் தாழ்ப்பாளை எடுத்தான். மனைவி படியில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சோபாவின் கோடு பதிந்திருந்தது. "கடையில விக்கிற எதுலயும் இது கிடையாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் டீ போட்டாள். டாக்டர் காலையிலேயே வந்துவிட்டார். பட்டையைக் கட்டிப் பார்த்தார். கோட்டுக்குக் கீழே, ஆனால் ரொம்பக் கீழே இல்லை என்றார். அவன் முந்தின நாள் கேபினில் தூங்கியதைச் சொன்னான். டாக்டர் எழுதிக்கொண்டார். ஒரு வாரம் மேலே ஏறக் கூடாது, அதற்கப்புறம் மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவன் ஸ்டோருக்குப் போனான். பெரிய ஆணி, சின்ன ஆணி எல்லாம் ஒரே டப்பாவில் கிடந்தன. மச்சான் வந்து கையுறை கேட்டார், கொடுத்தான். மாற்று ஆளைக் கூப்பிட்டு, பனி இருக்கிற காலையில் தூரத்துக் கிரேனில் விளக்கு இரண்டு தரம் எரியும், பதிலுக்கு நீயும் போடு என்று சொன்னான். எதுக்கு என்று அந்த ஆள் கேட்டான். சும்மா என்றான். சாயங்காலம் பாப்பாவோடு வாய்க்கால் ஓரமாக நடந்தான். ராத்திரி எந்தத் தாழ்ப்பாளையும் போடாமல், மனைவி வந்து தள்ளினால் நகரும்படி, கதவுக்குக் குறுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் படுத்தான்.